வேலை, வீடு, எழுத்து மூணுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன், நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

கடைசிவரி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

வயசு 37. ஆபீஸ் வேலை, காலைல எட்டுக்குக் கிளம்பினா வீடு திரும்ப ஏழரை ஆயிடும். மனைவியும் வேலைக்குப் போறாங்க. பொண்ணுக்கு 6 வயசு, பையனுக்கு இன்னும் ரெண்டு முடியல. நான் சிறுகதை எழுதுவேன், இதுவரைக்கும் இருபது கதை இருக்கும், அதுல நாலு பத்திரிகைல வந்திருக்கு. பெரிய பேர் வாங்கணும்னு ஆசையெல்லாம் இல்ல ஆனா ரெண்டு வாரம் எழுதலன்னா உள்ளுக்குள்ள ஏதோ அடைச்ச மாதிரி ஆயிடுது, எழுதுறவங்களுக்கு இது புரியும்.

பிள்ளைங்க தூங்கின பிறகு ராத்திரி பத்தரைக்குத்தான் உக்காருவேன். போன தடவை எங்க விட்டேன்னு படிச்சுப் பாக்கவே இருபது நிமிஷம் போயிடும், அப்புறம் நாலு வரி, அதுக்குள்ள கண்ணு சொக்கிடும். சனி ஞாயிறு பகல்ல உக்காந்தா அந்தப் பக்கம் பையன் அழுவான், மனைவி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அந்த ஒண்ணும் சொல்லாததுதான் எனக்கு இன்னும் பாரமா இருக்கும். சரின்னு எழுந்து போய் பிள்ளைங்களோட உக்காந்தா மனசு கதைலயே கிடக்கும். இத ஈடு கட்டணும்னு வாராவாரம் எல்லாரையும் எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போயிட்டு இருந்தேன், கார்டு பில் வந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, வீட்டு லோன் வேற ஓடிட்டிருக்கு, அதனால அதையும் நிறுத்தியாச்சு. இப்ப லீவு நாள்னா ஆளுக்கொரு மூலைல போனோட கிடக்குறோம்.

இப்ப ஏன் எழுதுறேன்னா, மூணு வாரம் முன்னாடி பொண்ணு எங்க வீட்டைப் படமா வரைஞ்சா. அம்மா, தம்பி, அவ, மூணு பேரும் சிரிச்ச முகத்தோட நிக்குறாங்க. நான் மட்டும் நாற்காலில உக்காந்திருக்கேன், முதுகு தெரியுது, தலைமுடிய கறுப்பு கிரேயான்ல அழுத்தி அழுத்தி நிரப்பியிருக்கா, முகம் இல்ல. ஏன்டா அப்பாவுக்கு முகம் வரையலன்னு கேட்டேன். அவ தலைய நிமித்தாமலே "நீ இப்படித்தானப்பா தெரிவ"ன்னா. கோவமாக்கூட சொல்லல. என் மேசை சுவரைப் பாத்து இருக்கு, அவ பாத்ததைத்தான் வரைஞ்சிருக்கா.

அன்னிலேர்ந்து லேப்டாப்பைத் திறக்கல. ஆனா எழுதாததால நல்ல அப்பாவா ஆயிட்டேனான்னா இல்ல, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறேன். எழுத்தை விட்டுடணுமா? இல்ல வேற வழி இருக்கா? காசு பெருசா செலவாகாம வீட்டோட சந்தோஷமா இருக்க நீங்கல்லாம் என்ன பண்றீங்க? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


தையல்நோட்டு:

தம்பி, முதல்ல அந்த மேசையைத் திருப்பிப் போடுங்க. மத்ததை அப்புறம் பேசலாம். சுவர் முதுகுக்கு வரட்டும், முகம் வீட்டைப் பாக்கட்டும். கவனம் சிதறும்தான், ஆனா நீங்க நிமிர்ந்து பாக்கும்போது ஒரு சின்ன முகம் உங்களைப் பாத்துட்டுப் போகும், அது போதும் அதுக்கு. கதவைச் சாத்திட்டுத்தான் எழுதணும்னு நமக்கு யார் சொல்லிக் குடுத்தாங்களோ தெரியல.

எனக்கு 58 ஆகுது. கணக்கெழுதுற வேலைல 26 வருஷம் இருந்தேன், ரெண்டு பசங்க, நடுவுல எழுதினேன். நோட்டு வாங்கக்கூட யோசிச்ச காலம் அது. வருஷக் கடைசில பசங்க நோட்டுல எழுதாம மிஞ்சின பக்கத்தையெல்லாம் பிரிச்சு எடுத்து, கோணியூசில நடுவுல மூணு ஓட்டை போட்டு, கெட்டி நூலை மெழுகுவத்தில ஒரு இழுப்பு இழுத்துட்டு தைப்பேன். மெழுகு ஏத்தினா நூல் சிக்காது, பேப்பரையும் அறுக்காது. பெரியவன் பக்க நம்பர் போடுவான், சின்னவன் அட்டைல படம் ஒட்டுவான். ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும், அடுத்த பக்கம் கட்டம் போட்டிருக்கும். வருஷத்துல ஒரு நாள் நடக்குற வேலை, அதுக்கு எங்க வீட்டுல இருந்த எதிர்பார்ப்பு வேற எதுக்கும் இருந்ததில்ல. அந்த நோட்டுலதான் என் கதையெல்லாம் எழுதினேன். அதனால நான் எழுத உக்காந்தா "அம்மா நம்மள விட்டுட்டுப் போறா"ன்னு அவங்களுக்குத் தோணல, "நம்ம நோட்டுல எழுதுறா"ன்னுதான் இருந்துச்சு.

இன்னொண்ணு கேக்குறேன், மனசுல வெச்சுக்காதீங்க. உங்க பதிவு முழுக்க உங்க நேரம் வருது, உங்க மனைவியோட நேரம் எங்கயும் வரல. அவங்களும் வேலைக்குப் போறாங்க, திரும்பி வந்து பிள்ளைங்களைப் பாக்குறாங்க. அவங்களுக்குன்னு ஒரு நாளைக்கு அரை மணி இருக்கா? இல்லன்னா நீங்க எழுதுற ஒவ்வொரு வரிக்கும் அவங்க நேரத்துலேர்ந்துதான் எடுக்குறீங்க, அந்த பாரம் என்ன பண்ணாலும் இறங்காது. முதல்ல அவங்க அரை மணியை குடுங்க, அன்னிக்கு முழு வீடும் உங்க பொறுப்பு, அப்புறம் உங்க அரை மணியைக் கேளுங்க. அப்ப அது கேட்டு வாங்கின நேரம் ஆயிடும், திருடின நேரமா இருக்காது.

எழுத்தை விடாதீங்க. அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் பதிப்பகத்துல எடிட்டர் வேலை பாத்துக்கிட்டே, ரெண்டு பசங்களை தனியா வளர்த்துக்கிட்டே எழுதினவங்க. முதல் நாவல் வந்தது 1970ல, அவங்களுக்கு 39 வயசுல. நோபல் 1993ல. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கு.


ரெண்டாம்ஷிஃப்ட்:

ப்ரோ, எனக்கு வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும், அதனால "தினமும் இத்தனை மணிக்கு எழுது"ங்கிற அறிவுரையெல்லாம் எனக்கு உதவவே இல்ல, நான் நேரத்தைப் புடிக்காம இடத்தைப் புடிச்சுக்கிட்டேன். வேலைக்குப் போற வழி, வர்ற வழி, இது ரெண்டும் எந்த ஷிஃப்டா இருந்தாலும் உண்டு. ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடப்பேன், பதினஞ்சு நிமிஷ நடை, கதைல அடுத்து யாரு என்ன பேசுவாங்கன்னு மட்டும் யோசிப்பேன், வந்ததை போன்ல வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணிடுவேன். ஸ்டான்ஃபோர்டுல 2014ல ஒரு ஆய்வு பண்ணாங்க, உக்காந்திருக்கிறதைவிட நடக்கும்போது புது யோசனைங்க அதிகமா வருதாம், நடந்துட்டு வந்து உக்காந்த பிறகும் கொஞ்ச நேரம் அது தொடருதாம். எனக்கு அது அப்படியே பலிச்சுது. வீட்டுல உக்காரும்போது வெறும் பக்கத்தை முறைச்சுப் பாக்குற வேலையே இல்ல, நடக்கும்போது சொன்னதைக் கேட்டு எழுதுறதுதான். நீங்க சொன்ன அந்த இருபது நிமிஷம் மிச்சம்.

அப்புறம் பிள்ளைங்களோட இருக்கும்போது மனசு கதைல கிடக்குதுன்னு சொன்னீங்கல்ல, அது உங்க குறை மட்டும் இல்ல. சோஃபி லெராய்னு ஒரு ஆய்வாளர் 2009ல இதப்பத்தி எழுதியிருக்காங்க, ஒரு வேலைய பாதில விட்டுட்டு அடுத்ததுக்குப் போனா கவனத்துல ஒரு பகுதி பழைய வேலைலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்னு. அதுக்கு நான் பண்றது என்னன்னா, எழுந்திருக்கும் முன்னாடி நாளைக்கு எந்த வரிலேர்ந்து ஆரம்பிக்கணும்னு ஒரே ஒரு வாக்கியம் எழுதி வெச்சுட்டு எழுந்திருப்பேன். "அவன் கதவைத் தட்டுறான், தங்கச்சி திறக்குறா, முதல்ல அவ பேசணும்" இவ்வளவுதான். எழுதி வெச்சாச்சுன்னா மனசு அதைப் புடிச்சுத் தொங்காது, விட்டுடும். ஆபீஸ் வேலைக்கும் இதே மாதிரி கிளம்பும் முன்னாடி நாளைக்குப் பண்ண வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி டிராயர்ல போட்டுட்டு வந்துடுவேன், வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதே இல்ல.


வெள்ளிமுளைச்சாச்சு:

சார் ஒரே வழி அதிகாலைதான். ராத்திரி எழுதினா நாளோட கசடுதான் பக்கத்துக்கு வரும். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் 1834லேர்ந்து 1867 வரைக்கும் தபால் துறைல வேலை பாத்தவரு, காலைல 5:30க்கு மேசைல இருப்பாரு, வாட்சை முன்னாடி வெச்சுக்கிட்டு 15 நிமிஷத்துக்கு 250 வார்த்தைன்னு கணக்கு வெச்சு எழுதினாரு. அப்படியே 47 நாவல் எழுதி முடிச்சாரு. நானும் ரெண்டு வருஷமா அஞ்சு மணிக்கு எழுந்திருக்கேன், வீடு எழுந்திருக்கும் முன்னாடி என் வேலை முடிஞ்சிடும், அப்புறம் நாள் முழுக்க நான் அவங்களோடவன். போனை வேற ரூம்ல வெச்சுட்டுப் படுங்க, அலாரத்துக்கு தனியா ஒரு கடிகாரம் வாங்கிக்கோங்க, இந்த ஒரு மாத்தமே பாதி வேலைய முடிச்சுடும்.


அரைத்தூக்கம்:

மேல சொன்னவருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு ஒத்து வந்தது சந்தோஷம். ஆனா டிரோலப்பை எழுப்பி விடுறதுக்குன்னே ஒரு வேலையாளுக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு தனியா குடுத்திருக்காரு, அதையும் அவரே எழுதி வெச்சிருக்காரு. ராத்திரி மூணு தடவை எழுந்து குழந்தையத் தட்டித் தூங்க வெச்சவங்களால அஞ்சு மணிக்கு எழுந்து கதை எழுத முடியாது, முடியலன்னா அது சோம்பேறித்தனமும் இல்ல.

எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க. பிறந்தப்புறம் மூணு வருஷம் ஒரு வரி எழுதல. முதல் வருஷம் பூரா அழுதேன், எல்லாம் போச்சு இனிமே நான் எழுதுறவளே இல்லன்னு. போகல. மூணு வருஷம் கழிச்சு எழுத உக்காந்தப்ப முதல் ஒரு மாசம் கை வரல, அப்புறம் வந்துச்சு, முன்னாடி எழுதினதைவிட நல்லாவே வந்துச்சு, ஏன்னா நடுவுல பாத்தது அவ்வளவு இருந்துச்சு. அதனால கேள்வி கேட்டவருக்கு நான் சொல்றது, உங்க பையனுக்கு ரெண்டு வயசு முடியல, இந்தக் காலகட்டம் இப்படியே இருக்காது. இப்போதைக்குத் தூக்கம்தான் முதல்ல. வாரத்துல ரெண்டே நாள் எழுதுங்க, ஆனா எந்த ரெண்டு நாள்னு வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கட்டும்.

இன்னொரு விஷயம், ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா எல்லாம் போச்சுன்னு நினைக்காதீங்க. லண்டன்ல 96 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2010ல வெளியாச்சு. ஒரு பழக்கம் தானா வர்ற அளவுக்கு ஊற சராசரியா 66 நாள் ஆகுதாம், ஆனா ஆளுக்கு ஆள் 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் தவறினதால பெருசா ஒண்ணும் கெட்டுப் போகலன்னும் அதுலயே இருக்கு. இதப் படிச்ச அன்னிக்கு எனக்கு நெஞ்சுல ஏதோ இறங்கின மாதிரி இருந்துச்சு. 254 நாள் ஆகுற ஆளா நான் இருந்துட்டுப் போறேன்.


கடைசிவரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தையல்நோட்டு அக்கா, நீங்க கேட்ட கேள்வி சுருக்குன்னு தைச்சுது. அவங்களுக்குன்னு எவ்வளவு நேரம் இருக்குன்னு யோசிச்சுப் பாத்தேன், பதில் வரல. இன்னிக்கு ராத்திரி பேசுறேன். மேசையையும் நாளைக்குத் திருப்பிடுறேன். காசு செலவில்லாம வீட்டோட இருக்கிறதப்பத்தி யாராவது சொல்லுங்களேன், அதுலதான் எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது, வெளிய போனாத்தான் சந்தோஷம்னு பழகிப் போச்சு.


ஜன்னலோரம்:

இதுக்கு நான் சொல்றேன். நடுவுல ஒரு வருஷம் எனக்கு வேலையே இல்ல, அப்ப கத்துக்கிட்டதுதான் இதெல்லாம், வேலை கிடைச்ச பிறகும் எதையும் விடல.

முதல்ல ஒரு பொதுவான விஷயம். 2011ல டன், கில்பர்ட், வில்சன்னு மூணு உளவியல் ஆய்வாளர்கள் எழுதின கட்டுரைல, காசு செலவழிக்கிறதா இருந்தா எப்பவாவது ஒரு பெரிய சந்தோஷத்துக்குக் குடுக்குறதைவிட அடிக்கடி சின்னச் சின்னதுக்குக் குடுக்குறது மேல்னு சொல்றாங்க. காரணம், பெருசோ சிறுசோ நமக்கு எல்லாம் சீக்கிரம் பழகிப் போயிடுது. சின்னது மாறி மாறி வந்துட்டே இருந்தா பழகிப் போக நேரம் கிடைக்காது. நீங்க வாராவாரம் வெளிய கூட்டிட்டுப் போனது ஏன் கார்டு பில்லைத் தவிர எதையும் மிச்சம் வைக்கலன்னு இதுலேர்ந்து எனக்குப் புரியுது.

எங்க வீட்டுல அதிகமா ஓடுறது நிலா. பெரிய ஏற்பாடெல்லாம் இல்ல. கேலண்டர்ல அன்னன்னிக்குக் கட்டத்துல நிலா என்ன வடிவத்துல இருந்துச்சோ அதைப் பென்சில்ல வரையணும், எத்தனை மணிக்குக் கண்ணுல பட்டுச்சுன்னு பக்கத்துல எழுதணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, நிலா ஒவ்வொரு நாளும் சராசரியா 50 நிமிஷம் தாமதமா உதிக்கும். இதை நீங்க சொல்லிடாதீங்க, பொண்ணே கண்டுபுடிக்கட்டும். என் பையன் நாலாவது நாள் கேலண்டரைப் பாத்து "இது தினமும் லேட்டா வருதுப்பா"ன்னு கத்தினான் பாருங்க, அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. அமாவாசையை ஒட்டி ரெண்டு மூணு நாள் காணாமப் போகும்போது அவனுக்கு நிஜமாவே கவலை. ஒரு சுத்து முடிய 29 நாள் சொச்சம், அதுவரைக்கும் வீட்டுல எல்லாருக்கும் ராத்திரி ஜன்னல்கிட்ட ஒரு வேலை இருக்கும். நாலு பேரும் ஒரே ஜன்னல்ல நெருக்கிக்கிட்டு நிக்கணும், அதுதான் இதுல முக்கியம்.

லைப்ரரில ஒருத்தருக்கு ஒருத்தர் புத்தகம் எடுத்துக் குடுக்குறது இன்னொண்ணு. எனக்கானதை நான் எடுக்கக் கூடாது, என் பையன்தான் எடுத்துத் தருவான். போன தடவை நத்தைங்களப்பத்தி ஒரு படப் புத்தகம் எடுத்துக் குடுத்தான், படிச்சேன், படிச்சுட்டுப் புடிச்சுதா இல்லையான்னு அவன்கிட்ட சொல்லியாகணும். அவனும் எனக்கு எது புடிக்கும்னு யோசிச்சு யோசிச்சு அலமாரி அலமாரியா நடப்பான்.

அப்புறம் நீங்க எழுதுறவர், உங்க கைல இருக்கிறதையே வீட்டுக்குக் குடுக்கலாமே. விளக்கெல்லாம் அணைச்சுட்டு எல்லாரும் கீழ படுத்துக்கிட்டு ஆளுக்கொரு வரி கதை சொல்றது. பையன் சொல்ற உளறலையும் கதைல சேத்துத்தான் ஆகணும்னு ஒரு சட்டம் வெச்சுக்கோங்க. ஒரு ஆறு வயசுப் பிள்ளை கதைய எங்க கொண்டு போய் நிறுத்தும்னு உங்களால ஊகிக்கவே முடியாது, எழுதுறவனுக்கு அதைவிடப் பயிற்சி வேற கிடையாது, நான் உறுதியா சொல்றேன்.


தையல்நோட்டு:

நிலா விஷயம் ரொம்ப நல்லாருக்குப்பா. எங்க பேத்திக்கு இன்னிக்கே ஆரம்பிக்கிறேன். தம்பி, என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுங்க.


கடைசிவரி:

ரெண்டு வாரம் ஆச்சு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.

மனைவிகிட்ட பேசினேன். உனக்கு தினமும் அரை மணி, வீட்டை நான் பாத்துக்கிறேன், நீ என்ன வேணா பண்ணுன்னேன். முதல்ல நம்பல. முதல் ரெண்டு நாள் உள்ள போய்ப் படுத்துட்டாங்க, தூங்கக்கூட இல்ல, சும்மா கூரையைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தாங்க. மூணாவது நாள் தனியா நடக்கப் போயிட்டு வர்றேன்னு கிளம்பினாங்க, திரும்பி வரும்போது கைல செருப்பு, வாசல்ல நின்னு சிரிக்கிறாங்க, புல்லுல நடந்தேன்னு சொன்னாங்க. அந்தச் சிரிப்பை நான் பாத்து எத்தனை நாள் ஆச்சுன்னு கணக்குப் போடவே பயமா இருந்துச்சு. எனக்கு புதன் ராத்திரியும் ஞாயிறு காலைலயும்னு அவங்களே சொன்னாங்க, நான் கேக்கல.

மேசையைத் திருப்பியாச்சு. முதல் நாள் ஒண்ணும் ஓடல, பையன் வந்து மேசைக்கு அடில உக்காந்துக்கிட்டு என் கால் விரலை ஒண்ணொண்ணா இழுத்துட்டு இருந்தான். ரெண்டாவது தடவை உக்காந்தப்ப அரைப் பக்கம் வந்துச்சு. ரெண்டாம்ஷிஃப்ட் சொன்ன மாதிரி அடுத்த வரி என்னன்னு எழுதி வெச்சுட்டுத்தான் எழுந்திருக்கேன், அது நிஜமாவே வேலை செய்யுது. அதிகாலை எனக்கு முடியல, ஒரு நாள் முயற்சி பண்ணேன், அன்னிக்கு ஆபீஸ்ல மத்தியானம் தலை சுத்திடுச்சு, பையன் வளரட்டும் பாக்கலாம். பொண்ணு வந்து பக்கத்துல நின்னு இந்தக் கதைல வர்ற ஆளுக்கு என்ன பேருன்னு கேட்டா, இன்னும் வைக்கலன்னேன், பேரில்லாம அவனை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு ரொம்பக் கவலைப்பட்டா. அவதான் ஒரு பேர் வெச்சிருக்கா, அதையே வெச்சுட்டேன்.

கேலண்டர்ல எட்டுக் கட்டம் ரொம்பியிருக்கு. நேத்து 7:50க்கு வந்துச்சாம், அதனால இன்னிக்கு 8:40க்குத்தான் வரும்னு அவளே கணக்குப் போட்டு சொல்லிட்டா. இப்ப மணி 8:30, ஜன்னல்கிட்டேர்ந்து கூப்பிடுறாங்க, போயிட்டு வர்றேன்.